ஒருமுறை வந்த புழு மறுமுறையும் வருவதேன்?

வீட்டில் ஒரு குழந்தைக்குச் சின்னமுத்து கண்டுவிட்டால் தாய் படும் கவலை கொஞ்சமன்று. ஆயினும் நோய் தணிந்தபின் அவள் மனத்தில் ஓர் ஆறுதல் பிறக்கும். "இனி இந்தப் பிள்ளைக்கு இது வராது" என்பதே அந்த ஆறுதல். அது வெறும் நம்பிக்கையன்று. ஒருமுறை கண்ட பகைவனை உடல் எளிதில் மறப்பதில்லை. மறுமுறை அதே கிருமி வாயிலை அணுகும்போது, அதனை அடையாளங்கண்டு ஒழிக்கும் படை உள்ளே ஆயத்தமாக நிற்கும்.

வயிற்றுப் புழுவின் கதையோ வேறு. பூச்சி மருந்து கொடுக்கிறோம், புழு வெளிப்படுகிறது, பிள்ளை சற்றுத் தெளிவடைகிறான். ஆண்டு திரும்புவதற்குள் மீண்டும் முகம் வெளிறுகிறது, வயிறு நோகிறது, பாடத்தில் மனம் பதிய மறுக்கிறது. பத்து முறை வந்த புழு பதினோராவது முறையும் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னமுத்துக் கிருமியை ஒரே சந்திப்பில் நினைவில் பதித்துக்கொள்ளும் உடல், சாண் நீளமுள்ள ஒரு புழுவை அறியாதது போல் இருப்பதேன்?

இக்கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி, நமது உடற்கலங்களின் மேற்பரப்பில் அமைந்துள்ள சில நுண்ணிய புரதங்களில் அடங்கியிருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் அவ்விடையைச் சிறிது சிறிதாகக் கண்டறிந்து வருகின்றனர். ஊவாத் தோட்டங்களில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கும், பதுளையிலும் பண்டாரவளையிலும் உயிரியல் பயிலும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்படக்கூடிய செய்தி இது.

மூவகைப் புழுக்கள்

மண்வழியே பரவும் குடற்புழுக்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது வட்டப்புழு. இதனை நாக்குப்பூச்சி என்றும் கூறுவர். வளர்ந்த புழு 15 முதல் 35 சதமமீற்றர் வரை நீளமுடையது. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் முட்டைகளை இடவல்லது. அம்முட்டைகள் தடித்த ஓடுடையவை; ஈரமண்ணில் நெடுங்காலம் அழியாமல் கிடந்து, கழுவாத கையோடும் கழுவாத கீரையோடும் வாயை அடைகின்றன.

இரண்டாவது சாட்டைப்புழு. இதன் முன்பகுதி நூல்போல் மெலிந்தும் பின்பகுதி பருத்தும் இருக்கும். 3 முதல் 5 சதமமீற்றர் நீளமுள்ள இப்புழு, பெருங்குடலின் உட்சுவரில் தன் மெல்லிய முன்பகுதியைப் புதைத்துக்கொண்டு வாழ்கிறது.

மூன்றாவது கொழுக்கிப்புழு. தமிழ்நாட்டார் கொக்கிப்புழு என்பர். நீளம் ஏறத்தாழ ஒரு சதமமீற்றர்தான். உருவத்தில் சிறியதாயினும் தீங்கில் இதுவே பெரியது. சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சும். நெக்கேற்றர் என்னும் இனத்தைச் சேர்ந்த ஒரு புழுவினால் நாளொன்றுக்கு இழக்கப்படும் குருதி ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர். இஃது அற்பமென்று தோன்றலாம். ஒருவர் வயிற்றில் நூறு புழு இருப்பின் நாளொன்றுக்கு 3 மில்லிலீற்றர், மாதத்துக்கு 90 மில்லிலீற்றர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். கூடையைச் சுமந்து மலைச்சரிவில் ஏறியிறங்கும் ஒரு தாய், அதிலும் கருவுற்றிருக்கும் தாய், இவ்விழப்பை எவ்வாறு தாங்குவாள்? குருதிச்சோகையால் பெருமூச்செறியும் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசிய காலமும் உண்டு.

கொழுக்கிப்புழு வாய்வழியாக அன்றித் தோல்வழியாகவே பெரும்பாலும் உடலுட் புகுகிறது. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இப்புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் புழுக்குடம்பிகள் நிறைந்த நீரிற் சிறிது அவருடைய கையிற் சிந்திற்று. சிந்திய இடத்தில் அரிப்பும் சிவப்பும் கண்டன. சில வாரங்கள் சென்றபின் தம் மலத்தைச் சோதித்தார். அதில் கொழுக்கிப்புழுவின் முட்டைகள் இருந்தன! தோலைத் துளைத்த குடம்பி, குருதியோடு ஓடி, நுரையீரலை அடைந்து, தொண்டைவழி ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கிறது என்பது அதன்பின் தெளிவாயிற்று. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போர்க்கு இந்நோய் மிகுதியாக வருவதன் காரணமும் விளங்கிற்று.

மலையின் உயரமும் புழுவின் வாழ்வும்

கொழுக்கிப்புழுவின் குடம்பிக்கு ஈரமும் நிழலும் மாத்திரம் போதா, வெப்பமும் வேண்டும். குளிர்மிகுந்த மண்ணில் அது செழிப்பதில்லை. ஊவாவின் நில அமைப்பை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலும், பதுளை நகர் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும் உள்ளன. நமுனுகுல மலையின் உச்சியோ 2,000 மீற்றரையும் கடந்தது. அங்கிருந்து பசறை, லுணுகலைப் பக்கமாக இறங்குந்தோறும் காற்று வெதுவெதுப்பாகிறது. ஒரே மாகாணத்துத் தோட்டங்களாயினும், மேலே வசிப்போருக்கும் கீழே வசிப்போருக்கும் காலடி மண்ணின் தன்மை ஒன்றன்று.

தோட்டத்துறையில் இப்புழுக்களோடு நடந்த போராட்டம் நூறாண்டைக் கடந்தது. அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் அறநிலையத்தின் சுகாதாரப் பிரிவு 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கிற்று. அக்காலத்து மருந்துகள் கடுமையானவை. அவை புழுவை வெளியேற்றின. ஆனால் மலசலகூடமில்லாத லயங்களுக்குத் திரும்பிய தொழிலாளர் மீண்டும் அதே மண்ணை மிதித்தனர். மீண்டும் அதே புழுவைப் பெற்றனர்.

பல ஆண்டுகள் கழிந்தன. 1992இல் தோட்டத்துறை முழுவதும் நடந்த ஓர் ஆய்வில், 3 முதல் 12 வயது வரையான சிறுவரிலும் பிள்ளை பெறும் வயதுடைய பெண்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் ஏதேனுமொரு குடற்புழுவை உடையவராய் இருந்தனர். அதன்பின் 1994 முதல் 2005 வரை, 3 முதல் 18 வயதுடைய பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை பூச்சி மருந்து கொடுக்கப்பட்டது. பின்னர் அவ்வேற்பாடு நின்றது. நின்று நான்காண்டு சென்றபின், 5 மாவட்டங்களைச் சேர்ந்த 114 தோட்டப் பாடசாலைகளில் 1,890 பிள்ளைகளின் மலம் சோதிக்கப்பட்டது. நூற்றுக்கு 29 பேரிடம் புழு இருந்தது, நூற்றுக்கு 11.6 பேரிடம் அது நடுத்தர அளவிலோ மிகுந்த அளவிலோ இருந்தது. நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் கொழுக்கிப்புழு காணப்படவில்லை. தாழ்ந்த நிலமும், தாயின் கல்விக் குறைவும் மூவகைப் புழுவுக்கும் துணைநிற்பன என்று அவ்வாய்வு காட்டிற்று.

தொண்ணூறு இருபத்தொன்பதாகக் குறைந்தது பெருவெற்றியே. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுக் காலம் மருந்துண்ட ஒரு சமுதாயத்தில் இருபத்தொன்பது ஏன் எஞ்சிற்று? உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இதற்கு ஒளி தருகிறது. மருந்து கொடுத்து ஓராண்டு கழிந்தபின், வட்டப்புழு தன் பழைய பரவலில் நூற்றுக்கு 94 பங்கும், சாட்டைப்புழு 82 பங்கும், கொழுக்கிப்புழு 57 பங்கும் மீண்டுவிடுகின்றன. மண் மாசுபட்டிருப்பது இதற்கு ஒரு காரணம். உடல் தன்னைத்தான் காத்துக்கொள்ளத் தவறுவது மற்றொரு காரணம். இனி அவ்விரண்டாவது காரணத்தைக் காண்போம்.

வாங்கி என்பது யாது?

முற்காலத்தில் தோட்டங்களில் விடியுமுன் தப்பு முழங்கும். அவ்வொலி கேட்டுத் தொழிலாளர் பிரட்டுக்களத்தில் கூடுவர். தப்பு எவ்வளவு பலமாக ஒலித்தாலும், கேட்கும் செவி அடைபட்டிருந்தால் ஆள் எழமாட்டார். உடலிலும் இதே நிலைதான். ஆபத்து வந்ததென்று ஒரு கலம் மற்றொரு கலத்துக்குச் செய்தி அனுப்புகிறது. செய்தியைச் சுமந்து செல்வது ஒரு சிறு புரதம். அதனை ஏற்கும் செவிபோல, பெறும் கலத்தின் மேற்பரப்பில் மற்றொரு புரதம் இருக்கிறது. இதனையே நம் நாட்டுப் பாடநூல்கள் வாங்கி என்றும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஏற்பி என்றும் வழங்குகின்றன.

பூட்டுக்குத் திறவுகோல் பொருந்துவதுபோல் ஒவ்வொரு வாங்கிக்கும் அதற்குரிய பொருள் பொருந்தும். பொருந்தியவுடன் வாங்கியின் உட்பக்கம் சற்றே வடிவு மாறும். அம்மாற்றம் கலத்தினுள் தொடர் விளைவுகளை எழுப்பி, இறுதியில் கருவிலுள்ள பரம்பரை அலகுகளை விழிப்பிக்கும். கலம் புதிய புரதங்களை ஆக்கத் தொடங்கும், பெருகும், பகைவனை நோக்கி நகரும்.

வாங்கிகளில் ஒரு சாரார் மற்றக் கலங்களின் செய்தியைக் கேட்பவர். இன்னொரு சாரார் கிருமியின் உடலையே தொட்டறியும் காவலர். இரண்டாவது வகையில் புகழ்பெற்றவை டோல் வகை வாங்கிகள். இப்பெயர் வந்த விதமும் வேடிக்கையானது. ஜெர்மனியில் பழ ஈக்களை ஆராய்ந்த கிறிஸ்தியானே நுஸ்லைன் ஃபொல்ஹார்ட் என்னும் அம்மையார், விந்தையான உருவுடைய ஈக்குடம்பி ஒன்றைக் கண்டு "டோல்!" என்று வியந்தாராம். "அபாரம்!" என்பது அதன் பொருள். அச்சொல்லே அப்பரம்பரை அலகுக்குப் பெயராயிற்று. அது ஈயைப் பூஞ்சைநோயிலிருந்து காக்கிறது என்பதை ஜூல்ஸ் ஹொஃப்மன் குழுவினர் 1996இல் காட்டினர். பாலூட்டிகளில் அதையொத்த வாங்கி பற்றீரியாவின் நச்சுப்பொருளை அறிகிறது என்பதை புரூஸ் பொய்ட்லர் குழுவினர் 1998இல் காட்டினர். இவ்விருவரும் 2011இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் அடங்குவர்.

குடலில் எழும் கூக்குரல்

புழு வந்ததைக் குடல் எவ்வாறு அறிகிறது? குடலின் உட்புறத்தை விரித்திருக்கும் கலங்களுக்கிடையே, உச்சியில் குஞ்சம் போன்ற அமைப்புடைய சில கலங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ளன. இவற்றைக் குஞ்சக்கலங்கள் எனலாம். 1956ஆம் ஆண்டிலேயே இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இத்தகைய கலங்களைக் கண்டிருந்தனர். ஆனால் அவற்றின் தொழில் யாதென்று சரிவரத் தெரியவில்லை. அறுபது ஆண்டு கழிந்து 2016இல், மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே சுண்டெலிகளை ஆராய்ந்து விடை கண்டன. நாவிலுள்ள சில கலங்கள் சுவையறியப் பயன்படுத்தும் கருவிகளையே இக்கலங்களும் கொண்டுள்ளன. அவை குடலில் ஒட்டுண்ணியின் வரவைச் சுவைத்தறிந்து முதற் குரல் எழுப்புகின்றன!

அக்குரல் இன்டர்லூக்கின்-25 என்னும் செய்திப் புரதமாக வெளிப்படுகிறது. குடற்சுவரில் உள்ள ஒருவகை வெண்குருதிக்கலங்கள் தம் வாங்கிகளால் அதனைக் கேட்டு, இன்டர்லூக்கின்-13 என்னும் இரண்டாவது செய்தியை வெளியிடுகின்றன. குடலின் உட்பரப்புக் கலங்கள் இச்செய்தியைத் தம் வாங்கிகளால் ஏற்கின்றன. உடனே சீதம் சுரக்கும் கலங்கள் பெருகுகின்றன. வழுவழுப்பான சீதம் நிறைந்து புழுவின் பிடியைத் தளர்த்துகிறது. குடற்றசைகள் விரைந்து சுருங்கிப் புழுவை வெளியே தள்ளுகின்றன. குஞ்சக்கலங்களும் பன்மடங்காகப் பெருகிக் கூக்குரலை மேலும் உரப்பிக்கின்றன.

இவ்வளவு சீரான படையெடுப்பு இருக்கையில் ஒரு புழுவேனும் தங்குவதெப்படி? புழுக்கள் மனிதனோடும் விலங்குகளோடும் பல்லாயிரம் தலைமுறையாகப் பழகியவை. அவை பகைவனைக் கொன்று வாழும் கிருமிகள் அல்ல. வீட்டுக்காரன் இறந்தால் குடியிருப்பவனுக்கும் இடமில்லை. ஆகவே அவை நீண்டகாலம் அமைதியாகத் தங்கும் வழிகளைப் பெற்றுள்ளன. அவ்வழிகளிற் பல, வாங்கிகளைச் சுற்றியே அமைந்துள்ளன.

புழு கையாளும் நான்கு வழிகள்

முதலாவது, செய்தியை நடுவழியில் மறித்தல். சுண்டெலியின் சாட்டைப்புழு ஒரு புரதத்தை ஏராளமாகச் சுரக்கிறது. அது இன்டர்லூக்கின்-13ஐப் பற்றிக்கொள்வதை மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டனர். கடிதம் எழுதப்பட்டது, தபாற்காரனும் புறப்பட்டான், ஆனால் வீடு சேருமுன் கடிதத்தைப் பறித்துவிட்டனர். செவி நன்றாகவே இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஒன்றுமில்லை.

இரண்டாவது, வாங்கியின்மேல் தானே அமர்ந்து அடைத்தல். சுண்டெலியின் குடலில் வாழும், கொழுக்கிப்புழுவுக்கு உறவான ஒரு புழு, இன்டர்லூக்கின்-33 என்னும் அபாயச் செய்தியை ஏற்கும் வாங்கியையே பற்றி அடைக்கும் புரதத்தைச் சுரக்கிறது என்று 2020இல் அறியப்பட்டது. நாயின் கொழுக்கிப்புழுவோ, வெண்குருதிக்கலங்கள் குருதிக்குழாயின் சுவரைப் பற்றி வெளியேற உதவும் வாங்கியை அடைக்கிறது. இது 1994இலேயே கண்டறியப்பட்டது. பூட்டின் துவாரத்தில் மெழுகை ஊற்றிவிட்டால், சரியான திறவுகோலும் பயன்படாதன்றோ?

மூன்றாவது, பொய்ச் செய்தி அனுப்புதல். போர் முடிந்தபின் படையைக் கலைப்பதற்கென நம் உடலில் ஒரு செய்திப் புரதம் உண்டு. அது கிடைத்த கலங்கள் சினம் தணிந்து, மற்றக் கலங்களையும் அடக்கும் தன்மை பெறுகின்றன. மேலே கூறிய அதே சுண்டெலிப் புழு, இப்புரதத்தை உருவில் சிறிதும் ஒவ்வாத, ஆனால் அதன் வாங்கியில் சரியாகப் பொருந்தக்கூடிய போலி ஒன்றைச் செய்கிறது. இதனை ஸ்கொட்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 2017இல் விளக்கினர். பகைவன் நம் தளபதியின் முத்திரையைக் களவாகச் செய்து, "போர் முடிந்தது, வீடு செல்லுங்கள்" என்று ஓலை விடுப்பதற்கு இஃது ஒப்பாகும்.

இவை விலங்குகளின் புழுக்களில் தெளிந்த உண்மைகள். மனிதப் புழுக்களிலும் இவை போன்ற ஏற்பாடுகள் உண்டா என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்தே கூறவேண்டும். ஆனால் நான்காவது வழி மனிதரிடமே காணப்பட்டது. அதுவும் நம் அண்டை நாட்டில், தமிழ் மக்களிடையே காணப்பட்டது.

சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையமும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களும் கூடி, யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவைக் குருதியிற் கொண்ட மக்களை ஆராய்ந்தன. 2005இலும் 2006இலும் வெளியான முடிவுகள் யாவை எனில்: அப்புழு உள்ளவருடைய வெண்குருதிக்கலங்களில் டோல் வகை வாங்கிகள் சில, புழு இல்லாதவருடையதைக் காட்டிலும் குறைந்த அளவில் இருந்தன. இருந்தவையும் மந்தமாகவே தொழிற்பட்டன. செயற்கையாகத் தூண்டியபோதும் கலங்கள் சோர்ந்தே எழுந்தன. செவிகளின் தொகையே குறைந்துவிட்டது என்று சொல்லலாம்.

அடங்கிய உடலால் வரும் கேடு

புழுவுக்கு எதிராக மாத்திரம் உடல் மந்தமாகுமாயின் கவலை சிறிதே. ஆனால் காவலனை உறங்கச் செய்த கள்வன் ஒருவன் உள்ளிருக்கையில், மற்றக் கள்வரும் நுழைய வழி பிறக்கிறதல்லவா? சென்னைக் குழுவினரே 2013இல் மற்றொரு செய்தியை வெளியிட்டனர். நோய்க்குறி தோன்றாமல் காசநோய்க் கிருமி உடலில் மறைந்துறையும் மக்களுள், கொழுக்கிப்புழுவும் உடையோரிடத்தில் அக்கிருமியை அடக்கிவைக்கும் வெண்குருதிக்கலங்களின் வேகம் தாழ்ந்திருந்தது. நெருங்கிய லயங்களில், ஒரே காம்பிராவில் பலர் உறங்கும் குடும்பங்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தடுப்பு மருந்தின் பயனும் சிலவேளை குறையலாம். தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில் வட்டப்புழு உள்ள சிறுவர்க்கு வாய்வழி வாந்திபேதித் தடுப்பு மருந்து கொடுத்தனர். முன்னதாகப் பூச்சி மருந்து உண்டவரிடத்தில் பிறபொருளெதிரி மிகுதியாகத் தோன்றிற்று என்று 2000ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஆயினும் உகண்டா நாட்டில் கருவுற்ற தாய்மார்க்குப் பூச்சி மருந்து கொடுத்து, பிறந்த குழந்தைகளின் தடுப்பூசிப் பயனைச் சோதித்தபோது அத்தகைய நன்மை புலப்படவில்லை. இவ்விரு முடிவுகளையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். புழு இருக்கிறதென்று அஞ்சித் தடுப்பூசியைத் தள்ளிவைப்பது பெருந்தவறு. தடுப்பூசியை உரிய காலத்தில் போடுக. பூச்சி மருந்தையும் உரிய காலத்தில் கொடுக்குக.

இன்னொரு வாதமும் உண்டு. உடலை அமைதிப்படுத்தும் புழு, மிகையான சினத்தால் வரும் ஆஸ்துமா முதலிய நோய்களைத் தணிக்காதா என்று சிலர் வினவினர். வினா நியாயமானதே. இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் ஆஸ்துமா உடைய தொண்டர்களின் தோலில் பத்துக் கொழுக்கிப்புழுக் குடம்பிகளை விட்டுச் சோதித்தனர். குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை என்று 2010இல் வெளியிட்டனர். புழுவின் சுரப்பிலிருந்து மருந்து செய்யும் முயற்சிகள் தொடர்கின்றன. ஒருநாள் அவை பலிக்கவுங்கூடும். ஆனால் ஆய்வகத்தில் எண்ணிவிட்ட பத்துக் குடம்பிகள் வேறு. தோட்டத்துப் பிள்ளையின் வயிற்றில் கேள்விமுறையின்றிப் பெருகும் புழுக்கூட்டம் வேறு.

உடல் மறப்பதை நாம் மறவாதிருத்தல்

தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். சின்னமுத்துக் கிருமி உடலைத் தாக்கிச் செல்லும் பகைவன். அதனை நினைவில் வைக்கும் வாய்ப்பு உடலுக்குக் கிட்டுகிறது. குடற்புழுவோ உடல் கேட்கும் செவிகளையே அடைத்துக்கொண்டு தங்கும் குடியிருப்பாளன். வட்டப்புழு, சாட்டைப்புழு விடயத்தில் வயது ஏறும்போது சுமை ஓரளவு குறைவதைக் காண்கிறோம். கொழுக்கிப்புழுவில் அத்தகைய ஆறுதலும் இல்லை. வளர்ந்தோரிடத்திலேயே அது மிகுந்து காணப்படுவதுண்டு.

இதிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது: பிள்ளை நோவென்று கூறவில்லை என்பதால் புழுவில்லை என்று எண்ணலாகாது. ஓசையின்றி இருப்பதே புழுவின் இயல்பு. இரண்டாவது: ஒருமுறை மருந்து கொடுத்தோம், போதும் என்றிருத்தல் கூடாது. மெபெண்டசோல், அல்பெண்டசோல் ஆகிய மருந்துகள் புழுவின் கலங்களுக்குள் உள்ள ஒரு புரதத்தைச் சிதைத்து அதனைப் பட்டினியால் மடியச் செய்பவை. உள்ளே இருக்கும் புழுவையே அவை ஒழிக்கும். நாளை வரும் புழுவைத் தடா. எவ்வயதினர்க்கு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை மருத்துவ மாதிடமோ தோட்ட வைத்தியசாலையிலோ கேட்டறிக. கருவுற்ற தாய்மார் தாமாக மருந்து வாங்கி உண்ணலாகாது. அவர்க்குரிய காலத்தை வைத்தியரே கூறவேண்டும்.

மூன்றாவது முடிவே தலையாயது. உடல் காவாத இடத்தைச் சூழல் காக்க வேண்டும். மலசலகூடம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருத்தல் வேண்டும். தண்ணீர் வசதியோடு இருத்தல் வேண்டும். பிள்ளைக் காம்பிராவிலும் பாடசாலையிலும் மலையிலும் வேலைசெய்யும் இடத்துக்கு அண்மையிலும் இருத்தல் வேண்டும். காலுக்குச் செருப்பும், கைக்குச் சவர்க்காரமும், கீரை கழுவ நல்ல நீரும் வேண்டும். இவற்றுட் சில குடும்பத்தின் பொறுப்பு. மலசலகூடமும் குழாய்நீரும் தோட்ட நிருவாகத்தினதும் அரசினதும் பொறுப்பு. மாத்தளையில் 1916இல் தொடங்கிய வேலை மருந்தோடு நின்ற இடங்களில் புழு திரும்பிற்று. 2005இல் மருந்தும் நின்றபின், நூற்றுக்கு 29 பிள்ளைகள் புழுவோடு எஞ்சியதை மேலே கண்டோம்.

தாயின் கல்விக் குறைவு புழுவுக்குத் துணை என்று அவ்வாய்வு கூறியதையும் நினைவிற் கொள்க. பதினாறு வயதில் படிப்பை நிறுத்திக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணொருத்தி, பத்தாண்டு கழித்து ஒரு குழந்தையின் தாயாவாள். அவளை இன்னும் இரண்டாண்டு பாடசாலையில் இருத்துவது, அவளுடைய எதிர்காலப் பிள்ளையின் வயிற்றுக்குக் கொடுக்கும் மருந்துமாகும். பதுளை மாவட்டத்துப் பெற்றோரும் ஆசிரியரும் இதனைக் கருதுவார்களாக. உயர்தர வகுப்பில் வாங்கிகளைப் பற்றிப் படிக்கும் மாணவர், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தம் தாயாருக்கும் தங்கையருக்கும் இதனை எடுத்துச் சொல்வார்களாயின், படித்த பாடம் அன்றே பயன்தரத் தொடங்கும்.